மையில் எழுதிய பெயர்

பகல் பன்னிரண்டு மணி. சித்தன்னவாசல் தாண்டி ஆளரவமில்லாத ரோடு. ராத்திரியில்தான் பயப்பட வேண்டும் என்று யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள்…

ஐம்பத்தெட்டாம் வருஷம், சித்திரை. நம் ஜைனுதீனுடைய மச்சான் உமர் பாரூக், அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டைக்குச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். இரண்டு மணிக்குப் பரீட்சை. நோயாளியிடம் வெட்டியெடுத்த சதைத்துண்டை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, மெஷினில் வெங்காயச் சருகைவிட மெலிசாகச் சீவிக் காட்டவேண்டும். தேறினால் ஆஸ்பத்திரி லேபில் வேலை. தவறினால் அத்தாவோடு பினாங்குக் கப்பல்.

மெழுகுக் கட்டி தூக்குவாளியில், ஈரத்துணிக்குள் இருந்தது. யாருடைய சதை? அதுதான் தெரியாது. சதையை ஸ்பிரிட்டில் ஊறவைக்கும் பாட்டிலுக்குள் போடும் பெயர்ச்சீட்டைப் பென்சிலில்தான் எழுதவேண்டும். புதுப் பேனா வாங்கிய மிதப்பில் இவன் மையில் எழுதிவிட்டான். ஸ்பிரிட்டில் மை கரைந்து சீட்டு வெறும் வெள்ளை. பெயரில்லாத கட்டி பரீட்சையில் செல்லாது.

துணி காய்ந்துவிட்டது. மெழுகு இளகினால் தொலைந்தான். புளியமரத்தடியில் ஒருத்தி குடத்தோடு நின்றாள். கழுத்தில் எலுமிச்சை அளவு கழலை. அவளுக்கு நிழல் இருந்ததா என்று கேட்காதீர்கள். மரத்தடியில் எவனுக்கும் நிழல் தெரியாது.

"ஆத்தா, இந்தத் துணியில கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

ஊற்றினாள். அந்த வெயிலில் விரல் மரத்துப்போகும் குளிர்ச்சி. குப்பென்று, சதை கெடாமலிருக்க லேபில் ஊற்றும் பார்மலின் வாடை… கண் எரிந்தது.

"செவந்தின்னு எழுதிக்கப்பா. பென்சில்ல எழுது."

சீட்டைப் பற்றி அவன் அவளிடம் மூச்சே விடவில்லை!

திரும்பிப் பாராமல் மிதித்தான். பின்னால் குடத்துத் தண்ணீர் தளும்பும் சத்தம்… க்ளக்… க்ளக்… டவுன் எல்லைவரை கூடவே வந்தது.

சீட்டில் செவந்தி என்றே எழுதினான். சீவினான். பத்துச் சீவலும் சுத்தம். பரீட்சை டாக்டர் லென்ஸில் பார்த்து, "கழுத்துக் கழலை. பேஷ்!" என்றார்.

பாஸ்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஆபரேஷன் தியேட்டருக்குப் பாட்டில் கொண்டுவரச் சொன்னார்கள். போனான். மேஜையில் மயக்கத்தில் கிடந்தது… அவளேதான்.

"செவந்தியாம், தம்பி. இதுநாள் வரைக்கும் ஊசிகூடப் போட்டுக்கிட்டதில்லையாம். நேத்துத்தான் மொத மொத ஆஸ்பத்திரி வாசல மிதிச்சிருக்கு" என்றாள் நர்ஸ் பொன்னுத்தாய்.

உமர் குனிந்து அவள் கழுத்தைப் பார்த்தான். தோலில் ஒரு கீறல் இல்லை, தழும்பு இல்லை.

டாக்டர் கத்தி வைத்தார். பிளந்தார். கை அப்படியே நின்றது.

"எவன்யா எனக்கு முன்னாடி இதுல வெட்டினது?"

கழலையின் நடுவில் சதுரமாக ஒரு துண்டு இல்லை. ஓரத்தில், இப்போதுதான் வெட்டியதுபோல, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது…