முதலில் ஏற்றியவரே முதலாளியா?

போதும், நான் மௌனம் காத்தது போதும்!

தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முதுபெரும் சான்றோர்களே, பிள்ளைகளின் படிப்பே தங்கள் பெருமை என்று வாழும் தாய்மார்களே, சக ஆசிரியர்களே, சிறப்பு விருந்தினராக மேடையை அலங்கரிக்கும் என் மனைவியின் தம்பி அவர்களே! ஒரு கோடிப் பேர் உங்கள் காணொளியைப் பார்த்ததால் ஊர் உங்களைக் ‘கோடியார்’ என்கிறது. நானும் அப்படியே அழைத்து வணங்குகிறேன்.

இணையத்தில் படைப்புரிமைக்கு யார் பொறுப்பு? இதுதான் இன்றைய தலைப்பு. ‘நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும்’ என்று கோடியார் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். அதை எதிர்த்து நிற்கிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவன் நான். நான்கு ஆண்டுகளுக்கு முன், பள்ளி ஆய்வகத்தில் ஓர் உயரமான முக்காலியில் கைப்பேசியைக் கட்டிவைத்து, சிவப்புச் சுண்ணக்கட்டியும் நீலச் சுண்ணக்கட்டியும் கொண்டு இதயத்தை வரைந்தேன். பதினொரு நிமிடம். பேசினால் மின்விசிறி இரைச்சல்தான் கேட்கும் என்று பேசவில்லை. பலகையும் கையும் மட்டுமே தெரிந்தால் போதும் என்று முகத்தையும் காட்டவில்லை.

வீட்டில் இணையம் நத்தை. அப்போது கைப்பேசிக் கடை நடத்திய கோடியாருக்கு அனுப்பி, “தம்பி, உன் கடை நெட்ல இத என் பேர்ல ஏத்திடுப்பா” என்றேன். அடுத்த பாடத்துக்கு இடம் வேண்டுமே என்று என்னிடம் இருந்ததை அழித்தும்விட்டேன். சிரிக்கிறீர்களா, பின்வரிசை நண்பரே? சிரியுங்கள். உங்கள் போனிலும் இடம் நிறையும் நாள் வரும்.

ஏற்றினார். தன் குரலைச் சேர்த்து, தன் பெயரைச் சேர்த்து, தன் பக்கத்தில் ஏற்றினார்!

பொறாமை என்பீர்கள். ஆம் ஐயா, பொறாமைதான்! என் சொந்த மகள் தேர்வுக்கு முன்னால், “மாமா வீடியோ பாத்தாதான்ப்பா இதயம் புரியுது. நீங்க ஏன் இப்படிச் சொல்லித் தர மாட்டேங்கறீங்க?” என்றாள். திரையில் அசைந்த கை யாருடையது? அவளுக்குச் சோறு ஊட்டிய கை! பொறாமை வராதா? வராவிட்டால் நான் மனிதனா, மரமா?

மூன்றாம் வரிசையிலிருந்து என் மனைவி ‘உட்காருங்கள்’ என்று சைகை காட்டுகிறாள். வீட்டில் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்தாயிற்று, அம்மா. இங்கே சற்று நிற்கிறேன்.

அதே பலகையில் அதே இதயத்தை மறுபடி வரைந்து என் பெயரில் ஏற்றினேன். மறுநாளே எச்சரிக்கை வந்தது: இது கோடியாரின் படைப்பைப் பார்த்துச் செய்த நகலாம்! என் கையைப் பார்த்து என் கையே திருடிவிட்டதாம்!

நிறுவனத்துக்கு எழுதினேன். “முதலில் ஏற்றியவருக்கே உரிமை” என்று மூன்றே நிமிடத்தில் எந்திரம் பதில் எழுதியது. காவல் நிலையத்துக்குப் போனேன். “பாடம் திருடுபோச்சா? பூட்ட ஒடச்சாங்களா சார்?” என்றார் எழுத்தர். அரசு அலுவலகத்துக்குப் போனேன். “இது எங்க பிரிவு இல்லீங்க, மாடிக்குப் போங்க” என்றார்கள். மாடியில் பூட்டுத் தொங்கியது. கடைசியில் கோடியாரிடமே கேட்டேன். “எங்க ஆபீஸ்ல யாரோ தெரியாம அந்தப் புகார் பட்டன அமுக்கிட்டாங்க, அத்தான். விடுங்களேன், நம்ம குடும்பத்துக்குள்ளதானே?” என்றார்.

எந்திரம் செய்தது என்கிறது நிறுவனம். எங்கள் வேலை இல்லை என்கிறது அலுவலகம். யாரோ அமுக்கினார்கள் என்கிறது உறவு. அப்படியானால் பொறுப்பு யாருக்கு? காற்றுக்கா? கம்பிக்கா?

“சார், ஆதாரம் இருக்கா?” என்கிறாரா பின்வரிசையில் ஒரு தம்பி? நல்ல கேள்வி! காணொளியில் வரைவது இடக்கை. நான் இடக்கைக்காரன். சற்று முன் கோடியார் வருகைப் பதிவேட்டில் எந்தக் கையால் கையெழுத்திட்டார்? கண்ணால் கண்டீர்களே! ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். ஒருவருக்கும் ‘இது யார் கை?’ என்ற கேள்வி தோன்றவில்லை. எந்திரத்துக்கா தோன்றப் போகிறது?

ஆகவே சொல்கிறேன். ஏற்றுகிறவர், ‘இதைச் செய்தவர் இன்னார்’ என்று எழுதிக் கையொப்பமிடட்டும். பொய்யானால் அவரே பொறுப்பு. ஏற்றவிட்டுச் சம்பாதிக்கும் நிறுவனம், புகாரைக் கேட்க ஒரு மனிதரைப் பெயரோடும் முகவரியோடும் உட்கார வைக்கட்டும். அந்த மனிதர் பதில் தராவிட்டால் கேட்பதற்கு, அரசு ஊர்தோறும் ஒரு கதவைத் திறக்கட்டும், கெடுவோடு! நிறுவனங்களே நிறுவனங்களைப் பார்த்துக்கொள்ளும் என்ற தீர்மானத்துக்குக் கை தூக்காதீர்கள், தாய்மார்களே! தூக்கினால் நாளை உங்கள் பிள்ளையின் படைப்புக்கும் வேறொருவர் குரல் கொடுப்பார்.

நேரம் முடிந்தது என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பொறுத்தருளிய அவருக்கும், கைதட்டியவர்களுக்கும், தட்டாமல் யோசித்தவர்களுக்கும் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்.

இன்னும் ஒன்று. இந்தப் பேச்சை இன்றே இணையத்தில் ஏற்றப் போகிறேன். என் பெயர் இருந்தால் ‘மைத்துனன் மேல் பொறாமை’ என்று ஒரே வரியில் மூடிவிடுவார்கள். பெயர் இல்லாவிட்டால் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கோடியாரே, இது ஒன்றையாவது நீங்கள் உங்கள் பெயரில் போட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில், பெயர் இல்லாமலே ஏற்றுகிறேன்.