முப்பதுன்னுதேன் போட்டேன்

இல்லக்கா, கொமட்டல் இல்ல. எலுமிச்சம்பழத்த நீங்களே வச்சுக்கங்க. சின்னப் புள்ளையில இருந்து பஸ்சுல போய் வந்த மலை ரோடுதேன், வளைவெல்லாம் என்னைய ஒண்ணும் செய்யாது. மணி என்னாச்சுன்னு பாத்துச் சொல்லுங்க. எம் போனு அடிச்சு அடிச்சே சார்ஜு தீந்துபோச்சு.

மூணு அம்பதா. நாலு மணிக்கு அவன் ஏலத்தோட்டத்துல பொம்பளைகள ஏத்திக்கிட்டுக் கெளம்புவான். மலை உச்சியில போடிமெட்டுக்கு வர எப்பிடியும் அரை மணி ஆகும். நாம முந்திருவோம்ல?

சின்ராசுன்னு ஜீப்பு டிரைவருக்கா. சொந்தமெல்லாம் இல்ல. அந்த ஜீப்ப மலை எறங்க விடாம மறிக்கணும். அதுக்குத்தேன் போறேன்.

எம் பேரு சூர்யகலா. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, வண்டிகளுக்கு ஜிபிஎஸ் பெட்டி மாட்டுற கடையில வேல பாக்குறேன். வண்டி எங்க நிக்குது, எம்புட்டு வேகத்துல போகுதுன்னு சொல்லுற பெட்டி. டிப்ளமோ முடிச்சுட்டு சேந்து ரெண்டு வருசமாச்சு. கடை லிங்கேஸ்வரன் அண்ணேனோடது. அவரு ஆர்டர் பிடிப்பாரு, மாட்டுறது பூராம் நாந்தேன்.

இப்ப ஒம்பதாவது வளைவத் தாண்டையில செவுரு இடிஞ்சு கயிறு கட்டிக் கெடந்துச்சே, பாத்தீங்களா? அது நேத்து வெள்ளிக்கெழம சாயங்காலம் ஜீப்பு மோதுன எடம். கேள்விப்பட்டீங்களா, சரி. டிரைவரு பேரு அமாவாசை, ராசிங்காபுரத்துக்காரரு. அவருக்குக் கால் முறிஞ்சுபோச்சு. உள்ள பன்னெண்டு பேரு. மத்தவங்களுக்கு அடியும் சிராய்ப்புந்தேன். வேலுத்தாய்ங்கிற அக்காவுக்குத்தேன் தலையில அடி. தேனி ஆஸ்பத்திரியில கெடக்கு, நான் பஸ்சு ஏறுற வரைக்கும் கண்ணு தெறக்கல.

அப்பிடித்தேன் ஊரே சொல்லுது, தூங்கிட்டாருன்னு. தூங்கலக்கா. அவரு சம்சாரம் குருவம்மா காலையில கடை தெறக்க முன்னாடியே வந்து நின்னுச்சு. எம் புருசன் சத்தியமாத் தூங்கலத்தா, பெட்டி கத்தவே இல்லையாம், நீதேன மாட்டுன, மிசினப் பாத்துச் சொல்லுன்னு கேட்டுச்சு. பாத்தேன். மோதுன நேரத்துல வேகம் இருவத்தெட்டுன்னு காட்டுது. லிங்கேஸ்வரன் அண்ணே அதையே காயிதத்துல எடுத்துப் போலீசுக்குக் குடுத்துட்டாரு. இருவத்தெட்டுல போற ஜீப்பு செவுத்த ஒடைக்குமா, அப்ப டிரைவரு தூங்கித்தேன் இருக்கணும்னு அவங்க எழுதிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில படுத்துக்கெடக்க மனுசன் மேல கேசு.

அமாவாசை அண்ணே ஓட்டுற ஜீப்போட ஓனருக்கு மொத்தம் எட்டு ஜீப்பு. முப்பதத் தாண்டுனா பெட்டி கத்தணும்னு கேட்டாரு. ஏன்னா அந்த ஜீப்புகள்ல வேகங்காட்டுற முள்ளு செத்து எந்தக் காலமோ ஆச்சு. டிரைவருகளுக்குப் பெட்டி கத்துனாத்தேன் பிரேக்கு. கத்தலன்னா சரியாப் போறோம்னு அர்த்தம். நேத்து மழை வேற, மேகம் ரோட்டுல எறங்கிக் கெடந்துச்சாம். கண்ணுக்கு ஒண்ணும் புலப்படாதப்ப வேகம் எங்கிட்டுத் தெரியும்? பெட்டி பேசாம இருக்குன்னு நம்பி வந்திருக்காரு.

பெட்டி ரிப்பேரு இல்லக்கா. அது சரியாத்தேன் வேல செஞ்சிருக்கு. கோளாறு வேற எடத்துல. எட்டுலயும் நான் முப்பதுன்னுதேன் போட்டேன். பழைய பெட்டியெல்லாம் கிலோமீட்டர்ல கணக்குப் பண்ணும். இது வெல கம்மின்னு மருதையில இருந்து புதுசா எறக்குனது. கூட வந்த காயிதம் பூராம் இங்கிலீசு, பொடி எழுத்து. பழைய மாதிரித்தேன் இருக்கும்னு நான் படிக்கல. ஒரு நா கடை ஸ்கூட்டர்ல ஒரு பெட்டிய மாட்டி தேனி ரோட்டுல ஓட்டிப் பாத்தேன். ஸ்கூட்டர் முள்ளு நாப்பதுல நிக்குது, பெட்டி இருவத்தொண்ணு, இருவத்திரெண்டுங்குது. திருப்பி ஓட்டுனாலும் அதேதேன். அப்பறம் உக்காந்து அந்தப் பொடி எழுத்த ஒவ்வொண்ணாப் படிச்சேன். நாட்னு போட்டிருக்கு.

நாடுன்னா நம்ம நாடு இல்லக்கா. நாட். கப்பல்காரங்க வேகக் கணக்கு. மணிக்கு ஒரு கடல் மைலு போனா ஒரு நாட். கடல் மைலுன்னா ஒரு கிலோமீட்டரும் அதுக்கு மேல எண்ணூத்தி அம்பத்திரெண்டு மீட்டரும். கிட்டத்தட்ட ரெட்டிப்பு. நான் போட்ட முப்பது, ரோட்டுக் கணக்குல அம்பத்தஞ்சரை. மலையில அம்பத்தஞ்சத் தாண்டுனாத்தேன் பெட்டி கத்தும். அதுக்குள்ள ஜீப்பு எங்க கெடக்கும்? அமாவாசை அண்ணே இருவத்தெட்டுல வரல. அம்பத்திரெண்டுல வந்திருக்காரு. கடலே பாக்காத ஊருல கப்பல் கணக்க வச்சு ஜீப்பு ஓட்ட விட்டிருக்கேன்.

இன்னைக்குக் காலையில இருந்து மத்த ஏழு டிரைவருக்கும் போன் அடிச்சேன். ஆறு பேரு எடுத்தாங்க. பெட்டிய நம்பாதீங்கண்ணே, ரெண்டாங் கியர்ல எறங்குங்கன்னு சொல்லிட்டேன். சின்ராசு மட்டும் கெடைக்கல. அவன் போற தோட்டத்துல டவர் இல்ல. வயசு இருவத்தி நாலுதேன், எட்டுப் பேர்ல அவந்தேன் வெரசா ஓட்டுவான். இப்ப அங்கிட்டுப் பாருங்க, மேகம் எறங்குது. நேத்தும் இப்பிடித்தேன் இருந்துச்சாம். டிரைவரண்ணேகிட்ட கொஞ்சம் அழுத்தச் சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வருது, அப்பறம் அதுக்கும் பயமா இருக்கு.

கடை அண்ணேகிட்டச் சொல்லாமத்தேன் வந்தேன். அவரு வாயவே தெறக்காதங்குறாரு. வெளிய தெரிஞ்சா கடையும் போச்சு, ஒம் மேலதேன் மொத கேசு வரும்னாரு. வரட்டும். பெட்டியோட வந்த அந்தப் பொடி எழுத்துக் காயிதம் இந்தா பையில இருக்கு, ஸ்கூட்டர்ல ஓட்டிப் பாத்ததையும் எழுதி வச்சிருக்கேன். சின்ராச நிப்பாட்டிட்டு நேரா ஸ்டேசனுக்குப் போகணும். அமாவாசை அண்ணே தூங்கலன்னு அவங்களுக்கு வேற யாரும் சொல்லப் போறதில்ல.

மெட்டு வந்துருச்சா? கண்ணாடியக் கொஞ்சம் தொடைங்கக்கா. டீக்கடை முன்னால நிக்குதே, பச்சைத் தார்ப்பாய் போட்டது. நம்பரு தெரியுதா? எழுவத்தி ஒண்ணா? ஆத்தாடி. அதுதேன். சின்ராசு வெளிய நின்னு டீ குடிக்கிறான். சீக்கிரமே ஏத்திட்டு வந்திருக்கான்கா. நாம அஞ்சு நிமிசம் பிந்தியிருந்தா எறங்கியிருப்பான். கண்டக்டரண்ணே, இங்க எறங்கணும், நிப்பாட்டச் சொல்லுங்க.

இல்லக்கா, தோளத் தட்டிக்குடுத்து அப்பிடிச் சொல்லாதீங்க. தெரிஞ்ச ஒடனே ஓடியாந்த புள்ளைன்னு என்னையச் சொல்லாதீங்க. ஸ்கூட்டர்ல ஓட்டிப் பாத்தது செவ்வாக்கெழமை. அன்னைக்கே அண்ணேகிட்டச் சொன்னேன். இப்பப் போயிச் சொன்னா ஓனர் கத்துவாரு, ஞாயித்துக்கெழம எட்டு ஜீப்பும் ஓடாம நிக்கும், கமுக்கமா மாத்தி விட்டுருவோம்னாரு. எனக்கும் அதுதேன் நல்லதுன்னு பட்டுச்சு, சரிண்ணேன்னு சொல்லிட்டேன். அமாவாசை அண்ணே வியாழக்கெழம கடைக்கு வந்தாரு. பெட்டி நல்லா இருக்காண்ணேன்னு கேட்டேன். சத்தமே இல்லத்தா, நான் அம்புட்டு நிதானமா ஓட்டுறேன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்.

தோள்ல இருந்து கைய எடுத்துட்டீங்க. பரவால்லக்கா. காலக் கொஞ்சம் ஒதுக்குங்க, எறங்கிக்கிறேன்.