சாம்பல் துணிக்கு அடியில

உங்க செய்தி ஆப்பைத் தொட்டுப் பாக்கறப்ப மனசுல வர்றதெல்லாம் வாய்விட்டுச் சொல்லணும்னீங்க, சொல்லிட்டே இருக்கேன் எமிலியானோ தம்பி. நீங்கதான் வாயத் தொறக்க மாட்டேங்கறீங்க. ஆமா, சோதனை முடியற வரைக்கும் உதவக்கூடாது, அதான் விதி. மொதல்லயே சொன்னீங்க.

இந்தா, மறுபடியும் ஒரு அறிவிப்பு வந்து மூடிடுச்சு. முடி வெட்ட உக்கார்றவங்களுக்கு நான் கழுத்தச் சுத்திச் சாம்பல் துணி போர்த்துவேன். அப்படிப் போர்த்திடறீங்க திரைய. அடியில இருக்கறது மங்கலாத் தெரியுது, தொட முடியல. ம்ம்... இதுல மூலையில, மூடறதுக்கு ஒரு பெருக்கல் குறி இருக்கு. புதுசா வச்சீங்களா? நல்லது.

இல்ல, கீழ இருக்கற சரிங்கற பொத்தான அழுத்த மாட்டேன். ஏன்னு எழுதிக்கிறீங்களா? எழுதுங்க. ஐயோ, காபி வேணாம், ஏற்கெனவே மூணு குடிச்சாச்சு.

பரிசுக் கூப்பனுக்காகவா வந்தேன்? அட போங்க! சலூனை அப்படியே விட்டுட்டு, தலையில பாதிச் சாயத்தோட ஒருத்திய உக்கார வச்சுட்டு, மெட்ரோ புடிச்சு மெதெயினுக்கு ஓடி வந்திருக்கேன். இந்த ஆப் செஞ்சவங்க அத சோதிச்சுப் பாக்க ஆள் தேடறாங்கன்னு பாத்ததும் நிக்க முடியல.

இருங்க, பையில என் போன்... இதோ. இதுலயும் உங்க ஆப்தான், அதே சாம்பல்தான். இதுல மட்டும் பெருக்கல் குறி இல்ல. இடம் நிரம்பிடுச்சு, பழைய செய்திகள நீக்கறோம்னு போட்டு, கீழ சரின்னு ஒரே ஒரு பொத்தான். அணைச்சுப் போட்டாலும் அதேதான் வருது. பக்கத்துக் கடைக்காரன் டைரோ, அழுத்திப் பாருங்க, போனாப் போகுதுங்கறான். அவனுக்கென்ன!

என் பொண்ணு யூலியெத், என்னோட சண்ட போட்டுட்டு, கடலோரத்துல இருக்கற நெகொக்லிக்குப் போற பஸ்ஸுல ஏறினா. அங்கேருந்து படகுல போவாளாம், அப்புறம் காட்டு வழியா நடந்தே எல்லை தாண்டுவாளாம். கூப்பிட்டா போன் அணைஞ்சிருக்கு. போன வாரம் டிங்குன்னு சத்தம், அவ செய்தி. கையெல்லாம் சாயம், ஒத்த விரலால தொட்டேன். தொறந்ததும் இது வந்து மேல உக்காந்துடுச்சு.

உத்துப் பாருங்க. அம்மா, நான் இப்போ... அவ்வளவுதான் தெரியுது. மிச்சம் அடியில. சரின்னு அழுத்தினாத்தான் படிக்கலாம். ஆனா பழசுன்னா எது தம்பி? போன வாரம் வந்தது இன்னிக்குப் பழசுதானே?

அழுத்தட்டுமா? பேசக்கூடாதுன்னா பேச வேணாம், தலைய ஆட்டுங்க, போதும்.

என்ன, உதட்டப் பிதுக்கறீங்க? தெரியாதா?

இதச் செஞ்சதே நீங்கதானே தம்பி.