உறவுமுறைக் கட்டம்

– அந்தக் கட்டத்துல என் பேரைப் போடாதீங்க மாப்ள. சொல்லிட்டேன்.

– பேரைப் போட்டாச்சு அத்தை. உங்க அடையாள அட்டை நம்பர்தான் பாக்கி. எங்க அது?

– தொலைஞ்சு போச்சு.

– காலையில பர்சுக்குள்ள இருந்துச்சே?

– பர்சும் தொலைஞ்சு போச்சு.

– அப்ப நீங்க எது மேல உக்காந்திருக்கீங்க?

– ...குஷன்.

– எந்திரிங்க பாப்போம்.

– முட்டி வலி. இன்னைக்குப் பூரா இங்கேயேதான்.

– விளையாடாதீங்க அத்தை. கம்பெனி இன்சூரன்ஸ்ல ஆள் சேக்கிறது இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுது. வரிப் படிவத்துல ‘என் பராமரிப்பில் இருப்பவர்’னு உங்களைக் காட்டினாத்தான் அங்க சேத்துக்குவாங்க. விட்டா அடுத்த வருஷம்தான்.

– அடுத்த வருஷமே பாத்துக்கலாம்.

– பாக்கிறதுக்குக் கண்ணு வேணும்ல?

– என் கண்ணுக்கு என்ன? போன வாரம் டாக்டர் முன்னாடி மூணு வரி கடகடன்னு படிச்சேனே?

– படிச்சீங்க. ஆனா அன்னைக்கு உங்க முறை வந்தப்ப அவரு எழுத்துப் பலகையை மாத்தி வெச்சுட்டாரு. நீங்க பழைய பலகையை ஒப்பிச்சீங்க, ஒரு எழுத்து விடாம.

– பக்கத்துல நின்ன மனுஷன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

– எத்தனை மாசமா இந்த வேலை?

– முன்னாடி போறவங்க படிக்கிறது காதுல விழும்... நாலு மாசம் இருக்கும். நான் தடுமாறினா உங்க முகம் வாடிப்போகுது.

– இப்ப மட்டும் பூத்துக் குலுங்குதாக்கும்!

– அதுக்காக இருக்கிறதை விட முடியுமா? எனக்கு வருமானம் இல்லைன்னுதான் அந்த இலவச மருத்துவத் திட்டத்துல சேத்தாங்க. பைசா செலவில்லாம மாசாமாசம் கண்ணுல ஊசி போடறாங்க. உங்க படிவத்துல நான் ஏறினா உங்க சம்பளத்தையும் சேத்துக் கணக்குப் பாப்பாங்க. திட்டத்துல இருந்து என்னை எடுத்துருவாங்க. எதிர்வீட்டு நர்ஸ் சொன்னாங்க.

– சரியாத்தான் சொல்லியிருக்காங்க. எடுத்துருவாங்க.

– பாத்தீங்களா!

– எடுக்கட்டும். அதுல பழைய ஊசி மட்டும்தான். உங்களுக்கு அது கேக்கலை. புது ஊசிக்கு கம்பெனி இன்சூரன்ஸ்தான் குடுக்கும். இடது கண்ணுல போனது போனதுதான் அத்தை. வலது கண்ணுக்கு... இப்படியே விட்டா ஆறு மாசம்னாரு டாக்டரு.

– எப்ப சொன்னாரு? நானும் அங்கதானே இருந்தேன்?

– என்னை வெளியில கூப்பிட்டுச் சொன்னாரு. ஒப்பிக்கிறவங்ககிட்ட என்னத்தைச் சொல்றதுன்னு நெனச்சிருப்பாரு.

– ...சம்பளத்துல பிடிப்பாங்களா?

– பிடிப்பாங்க. வரியில கொஞ்சம் குறையும். சமாளிச்சுக்கலாம்.

– ஒரே சட்டையைப் போட்டுட்டு ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பாக்கிற ஆளு. சமாளிப்பாராம்!

– அது யூனிஃபார்ம் அத்தை. எல்லாரும் அதைத்தான் போடுவோம்.

– சரி, யாரு யாரைப் பராமரிக்கிறது? மூணு வேளை சமைக்கிறது யாரு? தினம் உங்க வண்டிச் சாவியைத் தேடிக் குடுக்கிறது யாரு? அதுக்கெல்லாம் கட்டம் இருக்கா அதுல?

– இல்ல. இருந்தா நீங்க படிவம் போடுங்க, என் பேரை எழுதி.

– சிரிக்காதீங்க. எனக்குக் கோவம் கோவமா வருது.

– பதறாதீங்க. மெதுவா மூச்சு விடுங்க. நான் இங்கதான் இருக்கேன், அஞ்சே நிமிஷம்...

– லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேசற மாதிரி என்கிட்ட பேசாதீங்க!

– அவங்களாவது நான் சொன்ன பட்டனை அமுக்குவாங்க. நீங்க ஒரு அட்டையைக் குடுக்க மாட்டேங்கறீங்க.

– மாப்ள... நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன்.

– எதுக்கு?

– சும்மா, ஒரு மாறுதலுக்கு.

– நாலாவது மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம். ஒத்தைக் கண்ணை வெச்சுக்கிட்டு சும்மா போறீங்களா? விஷயம் ஊசி இல்ல, எனக்குத் தெரியும். என்னன்னு சொல்லுங்க.

– என் பேருக்குப் பக்கத்துக் கட்டத்துல என்ன எழுதினீங்க?

– எந்தக் கட்டம்?

– உறவுமுறைன்னு இருக்கே, அது.

– மாமியார்னு. வேற என்ன எழுதறது?

– அது பொய்யில்லையா? எல்லாம் உண்மைன்னு கீழ கையெழுத்து போடணும்ல? பொய்யின்னா அபராதம், ஜெயிலுன்னு சின்ன எழுத்துல இருக்காம். நர்ஸ் வாசிச்சுக் காட்டினாங்க.

– எது பொய் அத்தை?

– வேணாம் மாப்ள. என் வாயால வர வேணாம்.

– பரவாயில்ல. சொல்லுங்க.

– என் பொண்ணு உங்களை விட்டுப் போய் மூணு வருஷமாச்சு. கேட்டா, பேசிட்டிருக்கோம், பேசிட்டிருக்கோம்னு சொல்றீங்க. நானும் தலையாட்டறேன். விவாகரத்துத் தீர்ப்பு வந்து பதினோரு மாசம் ஆச்சு. அன்னைக்கு சாயங்காலமே அவ போன் பண்ணிட்டா.

– பதினோரு மாசமா... உங்களுக்குத் தெரியுமா?

– தெரியும். அன்னைக்கு நீங்க வந்து, ஒரு நாளும் இல்லாத திருநாளா பாத்திரமெல்லாம் தேய்ச்சு வெச்சீங்க. அப்பவே கேட்டிருக்கணும். கேட்டா நான் பெட்டியைக் கட்டணுமே... வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு இங்க இருக்கப் பிடிச்சிருந்துச்சு.

– நீங்க கிளம்பிடுவீங்கன்னுதான் நானும் சொல்லலை.

– இருந்தா மட்டும்? இப்ப நான் உங்களுக்கு யாரு? யாரோ ஒருத்தி. எவளோ ஒருத்திக்காக நீங்க பொய்க் கையெழுத்து போட்டு வம்புல மாட்டுறதுக்கு, என் கண்ணு போனா போகட்டும். அட்டையைத் தர மாட்டேன். அவ்வளவுதான்.

– சொல்லி முடிச்சாச்சா?

– முடிச்சாச்சு.

– வரி ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் எழுதினேன். விவாகரத்து ஆனா பொண்டாட்டிதான் போவாளாம். மாமியார் போக மாட்டாங்களாம். சட்டப்படி அந்த உறவு அப்படியேதான் இருக்குமாம்.

– நெஜமாவா? எப்பப் போய்க் கேட்டீங்க, இந்த வாரமா?

– இல்ல. உங்க பொண்ணோட வக்கீல் விவாகரத்துப் பத்திரம் அனுப்பினப்ப. ஆறு வாரம் கையெழுத்து போடாம வெச்சிருந்தேன். அவ மேல இருக்கிற ஆசையிலன்னு எல்லாரும் நெனச்சாங்க. நீங்க எனக்கு யாரும் இல்லைன்னு ஆயிடுமோன்னுதான் அத்தை எனக்குப் பயம். ஆகாதுன்னு அந்த கவுன்ட்டர்காரம்மா சொன்னப்புறம்தான் கையெழுத்தே போட்டேன்.