அஞ்சலி முடித்து வரும்வரை காத்திருந்தவர்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் ஜகதாம்பாள் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிரீஷ் சார் அவர்களே, மழையையும் பாராமல் லேக் மார்க்கெட்டிலிருந்தும் டாக்குரியாவிலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே, கனத்த நெஞ்சோடு உங்களை வணங்குகிறேன்.

எங்கள் ரத்த வங்கியின் தரவுத்தள அதிகாரி வித்யாலக்ஷ்மி அம்மையார் மறைந்துவிட்டார். அவர் பிரிவின் மேலாளர் பார்த்தசாரதி நான். பெயருக்குத்தான் மேலாளர். சிக்கல் என்றால் நானும் அவர் மேஜைக்குத்தான் ஓடுவேன்.

என்ன சிக்கல்? தரவுத்தளத்தில் எதை மாற்றினாலும் அது முதலில் லாக் என்ற கோப்பில் பதிவாகும். ஒருவர் தொடங்கிய வேலையை முடிக்காமல் விட்டால், அதற்குப் பின் வந்த எதையும் அந்தக் கோப்பிலிருந்து கழிக்க முடியாது. கோப்பு நிரம்பும். நிரம்பினால் எல்லாம் நிற்கும். ரத்தம் கேட்டு வந்தவர் கவுண்டரில் நிற்பார், எங்களால் ஒரு பாட்டிலைக்கூடப் பதிந்து கொடுக்க முடியாது!

ஒரு துர்கா பூஜை அஷ்டமியன்று அப்படித்தான் நின்றது. "லாக்கை அழி, மெஷினை அணைத்துப் போடு" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கத்தியவர்களில் என் குரல்தான் பெரிது. அம்மையார் அசைந்தாரா? வேறொரு டிஸ்க்கில் தற்காலிகமாக இடம் ஒதுக்கி கவுண்டரை ஓடவைத்தார். பிறகு முடியாத வேலை யாருடையது என்று தேடினார். அது எங்கள் பிரிவின் அனிமேஷ்தாவுடையது. திருத்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு மனிதர் தன் பேட்டைப் பூஜைப் பந்தலுக்கு, அம்மனுக்கு மலர் அஞ்சலி செலுத்தப் போயிருந்தார்!

அந்த வேலையைத் துண்டித்திருக்கலாம். துண்டித்தால் அவர் காலையெல்லாம் செய்தது வீணாகும். அம்மையார் போன் செய்தார். "தாதா, அஞ்சலி ஹோயே கெச்சே?" அண்ணா, அஞ்சலி முடிந்ததா என்று வங்காளியில் கேட்டார், அவ்வளவுதான். அனிமேஷ்தா வந்து முடித்தார். லாக்கை பேக்கப் எடுத்ததும் இடம் காலியானது. அம்மையார் எழுதிய அறிக்கையில் அனிமேஷ்தா பெயர் இல்லை. யாருடைய வேலையையும் அவரைக் கேட்காமல் துண்டிக்கக் கூடாது என்பதை அன்றிலிருந்து எங்கள் பிரிவின் விதியாக்கினார்.

அன்பர்களே, போன செவ்வாய்க்கிழமை மதியம் அம்மையார் இருக்கையிலேயே சரிந்தார். மாலையில் நம்மை விட்டுப் போனார். மறுநாள் காலை லாக் நிரம்பத் தொடங்கியது. எங்கள் பிரிவில் வேலை செய்யும் பெண் மேக்னா தேடினாள். முடியாமல் கிடந்த வேலை யாருடையது தெரியுமா? வித்யாலக்ஷ்மி அம்மையாருடையது!

இரண்டு முறை பதிவான கொடையாளர்களை ஒன்றாக்கிக்கொண்டிருந்திருக்கிறார். எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே உறுதிசெய்து முடிப்பது அவர் வழக்கம். அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

கேட்காமல் துண்டிக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதே! மேக்னா பழக்கத்தில் அவர் எண்ணையே அழைத்துவிட்டாள். எடுத்தவர் அம்மையாரின் கணவர் கிரீஷ் சார். பெண் அழுதுவிட்டாள். போனை வாங்கி நான்தான் சொன்னேன். அந்த நிலையிலும் அவர் கேட்டார்: "கவுண்டர்ல ஆள் நிக்கறாளா? அப்போ அவ வேலையை நிறுத்திடுங்கோ. அவளும் அதைத்தான் சொல்லுவா."

நிறுத்தினோம். அம்மையாரின் கடைசி நாள் உழைப்பை இயந்திரம் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழித்தது. பிரிவு முழுவதும் எழுந்து நின்று பார்த்தோம். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் மனம் தாங்கவில்லை. ஆனால் கவுண்டர் ஒரு நிமிடமும் நிற்கவில்லை, அன்பர்களே!

அந்த வேலையை நாளை முதல் வரியிலிருந்து மேக்னா தொடங்குகிறாள். பக்கத்தில் நானும் அனிமேஷ்தாவும் இருப்போம். முடிக்காமல் ஒருவரும் எழுந்திருக்க மாட்டோம். இது இந்தச் சபையின் முன் நாங்கள் தரும் வாக்கு.

கிரீஷ் சார், ஒரே ஒரு வேண்டுகோள். அம்மையாரின் போனை இன்னும் சில நாள் அணைக்காமல் வைத்திருங்கள். வேலை முடிந்ததும் நாங்கள் அந்த எண்ணுக்குத்தான் சொல்ல வேண்டும்.