அத்தினி காரும் நின்ற ஊர்

“சிங்கப்பூர்ல என் ஒருத்திக்காக அத்தினி காரும் நின்னுச்சுடி.”

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் இருந்த ஐம்பது வயதுக்காரி இப்படிச் சொன்னதும் நான் போனை மடியில் வைத்துவிட்டேன். மகளைப் பார்க்க ஒரு வாரம் போய் வந்தவளாம். பக்கத்தில் அவள் ஊர்க்காரி ஒருத்தி, காலடியில் மளிகைப் பையோடு.

“இன்னாக்கா சொல்ற? உனக்காவா?”

“எனக்காகத்தான். ரோட்டோரம் ஒரு கம்பம், அதுல பட்டன். கட்டவெரலால அமுக்கினா செவப்பு லைட்டு வுழுந்து காருங்கல்லாம் நின்னுடும். நான் மெதுவா நடந்து அந்தாண்ட போவேன்.”

“அந்தாண்ட இன்னா வேலை?”

“ஒரு வேலையும் இல்ல. பொண்ணு ஆபீஸ் போனதும் கீழ எறங்கிடுவேன். போவேன், திரும்பி வருவேன். தெனமும் அதான்.”

“பெரிய பெரிய கட்டடம்லாம் பாக்கலியா?”

“ஞாயித்துக்கெழம பொண்ணு காட்டுச்சு. எனக்கு அந்தக் கம்பத்துக்கிட்டதான் மனசு. இங்க வூட்ல நான் ஒரு வார்த்தை பேசி முடிக்கிற வரைக்கும் யாருடி நிக்கறாங்க?”

ஊர்க்காரி காலடிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நிறுத்துப்பா, நிறுத்து” என்று சிங்கப்பூர் போய் வந்தவள் இரண்டு தடவை கத்தியும், பேருந்து அவர்கள் ஊரைத் தாண்டி அடுத்த வளைவில்தான் நின்றது. இறங்கியதும் ஊர்க்காரி சட்டென்று சாலையைக் கடந்துவிட்டாள். இவள் மட்டும் ஓரத்து மைல்கல்லின் தலையில் கட்டைவிரலை அழுத்தியபடி நின்றாள்.

எதிரே வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.