பாலம் வராத பதிப்பு

— ஆத்துக்கு அந்தப் பக்கம் என்னடா தெரியுது, லுத்ஃபி? நிதானமாச் சொல்லு.

— பாலம்தான் அண்ணே. புது அப்டேட்டுல வந்தது. என் ரயில் சர்ருனு ஏறிப் போயிடுது. உங்களுக்கு இன்னும் வரலையா?

— எங்கப்பா வருது! லெபனான்ல ஓடுற ஒரே ரயில் என் கம்ப்யூட்டர்ல இருக்கு, அதுவும் ஆத்தங்கரையில நிக்குது. பயணிங்க இறங்கி அடுப்பு மூட்டிட்டாங்க. கார்டு அங்கேயே ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டான். நேத்துதான் குழந்தைக்கு முடி எறக்கினாங்க.

— அண்ணே, அந்த விளையாட்டுல கார்டே கிடையாது.

— உன்னோட புதுசுல இல்ல. என் பழைய பதிப்புல இருக்கான். பொய்யின்னா இந்த ஜெனரேட்டர் இப்பவே நின்னு போகட்டும்.

— சரி, சரி. குழந்தைக்கு என்ன பேரு வெச்சாங்க? அண்ணே? என்ன, கடகடன்னு கேட்ட சத்தத்தைக் காணோம்?

— ஜெனரேட்டர் நின்னு போச்சு. டீசல் தீந்திருக்கும். அதுக்கும் நான் சொன்னதுக்கும் சம்பந்தமில்ல.

— அல்லாஹ்! சிரிக்க வெக்காதீங்க, இங்க மொண்ட்ரியால்ல இப்பதான் விடிஞ்சிருக்கு, என் வீட்டுக்காரி நுஹா தூங்குறா. அப்ப விளையாட்டும் போச்சா?

— அதெப்படிப் போகும்? பூட்டில்லாத கடையில வாங்கினதுடா, ஒரு தடவை இறக்கிட்டா நம்ம சொத்து. நெட்டு செத்தாலும் பேட்டரியில ஓடும். உன்னுது மாதிரி, ஒவ்வொரு தடவையும் கம்பெனிக்காரன்கிட்ட "முதலாளி, கதவைத் திறக்கலாமா"ன்னு கையைக் கட்டிக்கிட்டு நிக்காது.

— ஆனா எங்களுக்கு அப்டேட் அன்னைக்கே வந்துடுது. உங்க கடையில வாங்கினவங்களை மூத்தாள் பிள்ளை மாதிரில்ல நடத்துறான்! நீங்களும்தானே காசு கொடுத்தீங்க? நான் சூடா நாலு வார்த்தை எழுதிப் போடுறேன்.

— எழுதித் தொலைக்காதே! பாவம், அவனுக்கு என்ன நெருக்கடியோ.

— என்னண்ணே, நீங்களா பாவம் பாக்குறீங்க? பதிப்பு பொருந்தலைன்னு நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணா விளையாடவே விட மாட்டேங்குது. எத்தனை வருஷமா சேர்ந்து ஓட்டினோம்!

— ஓட்டினோம். ஒரு வார்த்தை பேசினோமா? அத்தா மௌத்தானப்ப அடக்கத்துக்கு நீ வரலைன்னு வாயை மூடினவன் நான். நீ ரயிலை ஓட்டுவே, நான் தண்டவாளம் மாத்துவேன். அண்ணன் தம்பி உறவு அவ்வளவுதான்.

— விமான நிலையத்தை மூடிட்டாங்கண்ணே. அப்பவே சொல்லியிருப்பேன். நீங்கதான் போனை எடுக்கல.

— எடுக்கலதான். கழுதை மாதிரி இருந்துட்டேன்.

— "விளையாட்டுல சேர முடியலையே, என்னாச்சு"ன்னு கேக்கத்தான் அன்னைக்குக் கூப்பிட்டேன். வெச்சிடலாம்னு பாத்தேன், நீங்க எடுத்துட்டீங்க.

— நான் மட்டும் என்ன! உன் குரலைக் கேட்டதும் காபியை மடியில ஊத்திக்கிட்டேன். எரிச்சல் கூடத் தெரியல, போ. சரி, நுஹாவுக்கு என் சலாம் சொல்லு. வர்ற ஞாயித்துக்கிழமை, பாலத்தைத் தாண்டினா என்ன ஊர் வருதுன்னு விவரமாச் சொல்லணும், என்ன?

— கண்டிப்பாண்ணே. வெச்சிடுறேன்.

— என்ன, தம்பிகிட்ட அளந்து முடிச்சாச்சா?

— முடிச்சாச்சு சௌசன். அந்தக் காபியை இப்படிக் கொண்டா.

— இந்தாங்க. கரண்டு வந்துடுச்சு, பாத்தீங்களா? ஆமா, இந்தக் கம்ப்யூட்டர் மூலையில என்னமோ மின்னுதே. "அப்டேட் தயார்"னு போட்டிருக்கு.

— அது பெருநாளுக்கு முன்னாடியிலேருந்து மின்னுது. கையை வெச்சிடாதே!

— அடப் பாவி மனுஷா! வரலை வரலைன்னு தம்பிகிட்ட வாய் கூசாம...

— வந்துடுச்சுன்னு சொன்னா அவன் ரயிலோட்டப் போயிடுவான். என்கிட்ட யாரு பேசுவா? அந்தக் கம்பெனிக்காரன் நல்லா இருக்கணும், சௌசன். அவன் நம்மளை மறந்து தொலைச்சான், எனக்குத் தம்பி கிடைச்சான். தொழுகையில அவனுக்கும் சேர்த்துத்தான் துஆ கேக்குறேன். ஏய், என்ன சிரிப்பு?

— உங்ககிட்ட சொல்லாதீங்கன்னு நுஹா சத்தியம் வாங்கினா. உங்களோட சேர்ந்து ஓட்டணும்னு லுத்ஃபியும் உங்க பூட்டில்லாத கடையில அந்தப் பழைய பதிப்பையே வாங்கிட்டாராம். ஆனா போன்ல உங்க குரலைக் கேட்ட பிறகு அதைத் திறக்க மனசே வரலையாம்.